பூப்பந்துக் கையும் கிரிக்கெட் மட்டையும்: சுங்கை சிப்புட்டில் ஒரு தொடக்கநிலைப் பயிற்சி

பின்னணி

ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிலும் பால்மர (ரப்பர்) தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் பலர் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். விளையாட்டு மட்டும் தோட்டத்தில் இருந்தபடியே தொடர்கிறது. ஆண் பிள்ளைகளுக்குக் காற்பந்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வலைப்பந்து (நெட்பால்), எல்லாருக்கும் பொதுவாகப் பூப்பந்து (பேட்மிண்டன்). கிரிக்கெட்டைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்ப்பதோடு சரி. மலேசியா 1967 முதல் அனைத்துலக கிரிக்கெட் மன்றத்தின் இணை உறுப்பு நாடு. இருந்தும் எங்கள் பக்கம் அந்த ஆட்டம் வேர்விடவில்லை.

2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தது. பிப்ரவரி 2ஆம் தேதி பாயுமாஸ் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா, தென்னாப்பிரிக்காவை 82 ஓட்டங்களில் சுருட்டி 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதே திடலில், அதற்குச் சில நாள் முன்பு, இந்தியாவிடம் மலேசியா 31 ஓட்டங்களில் ஆட்டமிழந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் சிலர் இரண்டையும் பார்த்திருந்தார்கள். தைப்பூசம் முடிந்து புதிய பள்ளித் தவணை தொடங்கியதும், “நம்ம ஊர்ல இத யாரு சார் சொல்லிக் குடுப்பா?” என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

இளவயதில் ஈப்போவில் கிளப் ஆட்டம் ஆடிய, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பயிற்றுநராக இருக்க ஒப்புக்கொண்டார். ஈப்போவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் துணைக்கு வந்தார். வருகையையும் பயிற்சிக் குறிப்பையும் எழுதி வைப்பது என் பொறுப்பு. 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். கிரிக்கெட் பந்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இந்த ஆய்வு பெரும்பாலும் அவர்களில் ஒருத்தியைப் பற்றியது. தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 6 படிப்பவள். உயரம் 140 செண்டிமீட்டருக்குச் சற்று மேல். வலக்கைக்காரி. பூப்பந்தில் பள்ளிக்காக ஆடுபவள். அவள் குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் வாரங்களில் கண்டது

தோட்டத்துப் பழைய காற்பந்துத் திடல்தான் எங்கள் இடம். பயிற்றுநர் வைத்திருந்த பெரியவர்களுக்கான இரண்டு மட்டைகள், பிளாஸ்டிக் ஸ்டம்ப்கள், யாரோ அன்பளிப்பாகத் தந்த கார்க் பந்துகள் ஆகியவற்றோடு தொடங்கினோம். புல் மேடும் பள்ளமுமாக இருந்தது. பந்து குத்திய இடத்திலிருந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று பெரியவர்களாலேயே சொல்ல முடியாது.

சுறுசுறுப்பான பிள்ளை, பூப்பந்தில் கால்கள் பறக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் எல்லாரும் அவளிடம் நிறைய எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறாக இருந்தது. கேட்ச் பிடிக்கப் போனால் வலக்கை மட்டும் முன்னால் நீளும், அதுவும் தாமதமாக நீளும். பந்து விரல் நுனியில் பட்டு நெஞ்சில் மோதும். மட்டையைக் கொடுத்தால் முழங்கை மடங்கி மட்டை குறுக்கே போகும். பந்து வீசச் சொன்னால் எறிந்தாள். முழங்கை காதுக்குப் பின்னால் மடங்கி, பிறகு சாட்டையைச் சொடுக்கியதுபோல் நிமிரும். வேகம் இருந்தது. ஆனால் ஒரு பந்துகூட விதிப்படி வீசப்பட்ட பந்து இல்லை.

மூன்றாம் வாரம் கார்க் பந்து ஒன்று புல்லில் குத்தி எகிறி அவள் இடக்கைக் கட்டைவிரலில் பட்டது. உடனே ஐஸ் வைத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, வீக்கம் மட்டும்தான். அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. “அவ பயந்துட்டா. பந்தப் பாத்தாலே முகத்தத் திருப்பிக்கிறா. இதெல்லாம் ரத்தத்துல வரணும் சார்” என்று துணைப் பயிற்றுநர் சொன்னார்.

பயிற்றுநர் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. பயந்த பிள்ளை பந்தை விட்டு விலகிப் போகும். இவள் ஒவ்வொரு முறையும் பந்தை நோக்கித்தான் போனாள், போய்ச் சேர்ந்த நேரம்தான் தவறாக இருந்தது. இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து வேண்டும்.

பிள்ளைகள் ஏற்கெனவே கற்றிருந்தவை

அவள் வராத நாட்களில் பயிற்றுநர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, இதுவரை எந்தெந்த விளையாட்டு ஆடியிருக்கிறாய், எத்தனை வயதிலிருந்து ஆடுகிறாய் என்று கேட்டு என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பட்டியலைப் பயிற்சிக் குறிப்போடு சேர்த்துப் பார்த்தபோது பல விஷயங்கள் தெளிவாயின.

வலைப்பந்து ஆடிய பெண்கள் நல்ல கேட்ச் பிடிப்பவர்களாக இருந்தார்கள். நெஞ்சுக்கு நேராக இரண்டு கையையும் கொண்டுபோய், விரல்களை மேல்நோக்கி விரித்து, பந்தை வாங்கி உள்ளே இழுப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. முழங்காலுக்குக் கீழே வந்த பந்தில்தான் தடுமாறினார்கள், ஏனென்றால் வலைப்பந்தில் அப்படிப் பிடிக்கும் தேவை குறைவு. காற்பந்து ஆடிய ஆண் பிள்ளைகள் தரையோடு உருண்டு வரும் பந்தைக் காலால் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு குனிந்து எடுத்து எறிவதற்குள் எதிரணி ஓர் ஓட்டம் கூடுதலாக ஓடிவிடும்.

பூப்பந்துக்காரர்களின் சிக்கல் ஆழமானது. பூப்பந்தின் எடை சுமார் 5 கிராம். இறகுகள் காற்றை அள்ளுவதால், எவ்வளவு வேகமாக அடித்தாலும் கொஞ்ச தூரத்தில் அதன் வேகம் சட்டென்று குறைந்து, தலைகீழாகத் திரும்பி விழும். ஐந்தாறு வருடம் அதையே பார்த்துப் பழகிய கண், எதிரே வருவது இதோ வேகம் இழக்கப் போகிறது என்று தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. கிரிக்கெட் பந்து அப்படி வேகம் இழப்பதில்லை. ஆகவே கை தாமதமாகப் போகிறது. எங்களுக்குப் பயமாகத் தெரிந்தது அந்தத் தாமதம்தான்.

மட்டை விஷயமும் அப்படித்தான். பூப்பந்து மட்டை 100 கிராமுக்கும் குறைவு, ஒரே கையால் ஆடுவது. நாங்கள் அவள் கையில் கொடுத்தது ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள பெரியவர் மட்டை. இடுப்பைத் தாண்டி நின்ற அந்த மட்டையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நேராகத் தூக்கியிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

அவள் எறிந்ததற்கும் இதுவே விளக்கம். பூப்பந்தில் ஸ்மாஷ் (தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பது) அடிக்க முழங்கையைப் பின்னால் மடக்கி, முன்னால் வந்து விரிக்க வேண்டும். அதைத்தான் ஒரு பயிற்றுநர் அவளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவளும் நன்றாகக் கற்றிருக்கிறாள். கிரிக்கெட் விதி கேட்பது வேறு. வீசும் கை தோள் உயரத்தை எட்டியதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை முழங்கை நிமிரக் கூடாது. மடங்கிய கை மடங்கியே இருந்தால் குற்றமில்லை, மடங்கிய கை நிமிர்ந்தால்தான் நோ பால். அனைத்துலக ஆட்டங்களில் 15 பாகை வரை நிமிர்வதை அனுமதிக்கிறார்கள். அவளுடைய முழங்கை எந்தக் கருவியும் இல்லாமலே எல்லார் கண்ணுக்கும் தெரியும் அளவுக்கு நிமிர்ந்தது.

இந்தப் பட்டியல்தான் எங்கள் பயிற்சியின் திசையை மாற்றியது. அதுவரை எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றும் தெரியாதவர்களாக நினைத்து, எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம்.

வீட்டில் நடந்த பேச்சு

பயிற்றுநரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்பவர், அப்பா லோரி ஓட்டுபவர். அம்மா நேரடியாகவே பேசினார்.

“கோவிச்சுக்காதீங்க சார். பொம்பளப் புள்ள. இன்னைக்கு விரலு, நாளைக்கு மூஞ்சில பட்டா? அதுவும் அந்தத் திடல்ல ஞாயித்துக்கிழமையானா பங்களா தொழிலாளிங்க வேற விளையாடுறாங்க. நான் எப்படி அனுப்புறது?”

பயிற்றுநர் சமாதானம் சொல்லவில்லை. “நீங்க சொல்றது சரிம்மா. அந்தப் பந்து இனிமே இல்ல. மென்பந்துதான். திடல்லயும் இல்ல, பாலாய் ராயா, நம்ம பொதுமண்டபம், அது பக்கத்துல இருக்கிற பூப்பந்துக் கோர்ட்டுல. நீங்க வந்து உக்காந்து பாருங்க. உங்களுக்குச் சரின்னு பட்டா மட்டும் அனுப்புங்க” என்றார்.

அம்மா பதில் சொல்லும் முன்பே, “கோர்ட்டுலயா சார்?” என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள்.

பங்களாதேஷ் தொழிலாளர்களைப் பற்றியும் இங்கே எழுத வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவர்கள், டென்னிஸ் பந்தின் மேல் டேப் சுற்றி, ஞாயிறு மாலைகளில் அதே திடலில் ஆடுவார்கள். மட்டைகள் எங்களுக்குப் பெரிதாக இருக்கின்றன என்று தெரிந்ததும், அவர்களில் ஒருவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சிறிய மட்டை ஒன்றைக் கொடுத்து, வேண்டிய நாள் வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். கைமாறாக எதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு அவர்கள் ஆடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு எங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டோம். பெற்றோரின் கவலையும் அதோடு பாதி குறைந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மட்டையை ஒதுக்கி வைப்பது. ஒரு மாதம் போல யாரும் மட்டையைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கு இது பிடிக்கவே இல்லை. கிரிக்கெட் என்றால் அடிப்பது என்றுதான் அவர்கள் வந்திருந்தார்கள், இருவர் இதனாலேயே நின்றுவிட்டார்கள். ஆனாலும் பயிற்றுநர் விட்டுக்கொடுக்கவில்லை. பந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, எங்கே குத்தும், குத்தியபின் எவ்வளவு எழும்பும் என்பதைக் கண் கற்காமல் மட்டையைக் கொடுத்தால் பிள்ளை காற்றைத்தான் அடிக்கும். பந்தைக் கையால் பிடிக்கும்போதுதான் கண் அந்தக் கணக்கைக் கற்கிறது. அந்த ஒரு மாதம் தேவைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பூப்பந்துக் கோர்ட்டைத் தேர்ந்ததற்கு மூன்று காரணங்கள். சிமெண்டுத் தரையில் பந்து சீராக எழும்பும். கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். சிறு பிள்ளைகளின் கைக்கு அது மிகவும் நீளம். தூரம் எட்டாதபோதுதான் பிள்ளைகள் எறியத் தொடங்குகிறார்கள், ஆகவே கோர்ட்டின் நீளம் தொடக்கநிலைக்குப் பொருத்தமாக அமைந்தது. மூன்றாவது காரணம் அவளுக்காக. தனக்குப் பழகிய கோடுகளுக்குள் நின்று புதிய ஆட்டத்தைக் கற்பது அவளுக்குத் தெம்பாக இருக்கும் என்று பயிற்றுநர் நினைத்தார்.

பிடிப்பது. டென்னிஸ் பந்தைக் கீழிருந்து மேலாக, ஒரு முறை தரையில் குத்த வைத்துப் போடுவதில் தொடங்கினோம். பிடிப்பவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். “கைய முன்னாடியே அனுப்பி வை, பந்து வந்து சேரட்டும்” என்பது பயிற்றுநரின் வாக்கு. நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், கீழே வந்தால் தரையைப் பார்க்க வேண்டும், எந்த நேரத்திலும் பந்தை நோக்கி நீளக் கூடாது. பந்து உள்ளங்கையில் பட்டதும் கைகள் உடம்பை நோக்கிக் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். இறுக்கமாக நிற்கும் கையிலிருந்து பந்து தெறித்துவிடும். குத்திய பந்து, குத்தாத பந்து, பிறகு பக்கவாட்டில் ஓடிப் பிடிப்பது என்று படிப்படியாகப் போனோம். ஓடிப் பிடிக்கும் கட்டத்தில் அவளுடைய பூப்பந்துக் கால்கள் முதல்முறையாக உதவிக்கு வந்தன. குறுக்கே தாவி நிற்பதில் அவளுக்கு இணையாக அங்கே யாரும் இல்லை.

தரைப்பந்து. காற்பந்துப் பிள்ளைகளுக்காக, பந்தின் வழியில் உடம்பைக் குறுக்கே வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். வலக்கையால் எறிபவர் இடது முழங்காலை வலது குதிகாலுக்குப் பக்கத்தில் ஊன்றி, இடைவெளி இல்லாமல் அடைத்து, கைகளை முன்னால் வைத்து வாங்க வேண்டும். கை தவறவிட்டாலும் கால் தடுக்கும். காலை ஒரேயடியாக விடச் சொல்லாமல், அதைக் கைக்குப் பின்னால் காவல் வைக்கச் சொன்னதால் பிள்ளைகள் சீக்கிரமே ஏற்றுக்கொண்டார்கள்.

வீச்சு. இதில்தான் அதிக நேரம் பிடித்தது. முழங்கை என்ற சொல்லையே அவள் முன்னால் யாரும் எடுக்கக் கூடாது என்று பயிற்றுநர் உத்தரவு போட்டார். சொன்னால் அவள் முழங்கையைக் கவனிப்பாள், கவனிக்கும் மூட்டு இறுகிவிடும் என்பது அவர் அனுபவம். அதற்குப் பதில் நீளமான காற்பந்துக் காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு, அதன் வாயைப் பிடித்துக்கொண்டு தொடையருகிலிருந்து பின்னால் போய், காதை ஒட்டி மேலே வந்து, முன்னால் இறங்கும்படி கையைச் சுற்றச் சொன்னார். காலுறை வெளிப்பக்கமாக இழுப்பதால் கை தானாகவே நீண்டுவிடும். கை மடங்கினால் காலுறை தொய்ந்து முதுகில் அடிக்கும். தவறை அவளுக்குச் சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை.

பிறகு காலுறை இல்லாமல், ஓட்டமும் இல்லாமல், நின்ற இடத்திலேயே வீசினாள். பக்கவாட்டில் நின்று, இடக்கையை உயர்த்தி, அந்தக் கையின் வெளிப்பக்கமாக இலக்கைப் பார்த்து, இடக்கை இறங்க இறங்க வலக்கை மேலே வர வேண்டும். ஸ்மாஷிலும் இடக்கை முதலில் உயர்வதால் இந்தப் பாதி அவளுக்கு உடனே வந்துவிட்டது. பந்தை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் மேல் வர, கட்டைவிரல் அடியில் தாங்க, உள்ளங்கையில் படாமல் பிடிக்க வேண்டும். அடுத்து ஓர் அடி நடந்து வீச்சு, பிறகு மூன்று அடி, கடைசியாகத்தான் சிறு ஓட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கை மறுபடி மடங்கினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பினாள். திரும்பிய நாட்கள் நிறைய. வேகமாக வீச நினைக்கும்போதெல்லாம் பழைய ஸ்மாஷ் வந்துவிடும். அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, சுழற்பந்து வீச்சைச் சொல்லிக் கொடுக்கலாமே என்று துணைப் பயிற்றுநர் ஆசைப்பட்டார். கை நிலைப்பட்ட பிறகு பார்க்கலாம் என்று பயிற்றுநர் தள்ளிவைத்தார்.

இடதா, வலதா

மட்டை மீண்டும் வந்தபோது அவள் உயரத்துக்குப் பொருந்திய சிறிய மட்டையைக் கொடுத்தோம். மேல்கையால், அதாவது பிடியின் மேல்பகுதியைப் பிடிக்கும் கையால், மட்டும் மட்டையை நேரே நீட்டிச் சிறிது நேரம் நடுங்காமல் பிடிக்க முடிகிறதா என்று பயிற்றுநர் ஒவ்வொருவரையும் சோதித்தார். அவள் தேறவில்லை. வலக்கை ஆட்டக்காரருக்கு மேலே இருப்பது இடக்கை, அவள் இடக்கையோ வலுவற்றது. கீழே இருந்த பலமான வலக்கை முழு வேலையையும் எடுத்துக்கொண்டு மட்டையைக் குறுக்கே இழுத்தது. நேராக வந்த பந்துகள் எல்லாம் வானத்துக்குப் போயின.

இரண்டு வழிகள் இருந்தன. இடக்கையைத் தனியாகப் பழக்கி வலுவேற்றுவது வழக்கமான வழி. துணைப் பயிற்றுநர் அதைத்தான் சொன்னார், அதில் தவறில்லை. பயிற்றுநர் சற்று யோசித்துவிட்டு அவளிடம் பூப்பந்து மட்டையைக் கொடுத்து, பின்கை (பேக்ஹேண்ட்) ஆட்டம் ஆடிக் காட்டச் சொன்னார். அவள் வலது தோளை முன்னால் வைத்து, புறங்கை முன்னே போக, அழகாக ஆடினாள். “அப்படியே நில்லு புள்ள” என்று சொல்லி அந்தக் கையில் கிரிக்கெட் மட்டையை மாற்றிக் கொடுத்து, இடக்கையைக் கீழே சும்மா சேர்த்து வைக்கச் சொன்னார். அவள் இடக்கை ஆட்டக்காரராக நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு இது துணிச்சலான முடிவாகத் தெரிந்தது. ஆனால் காரணம் சரியானது. நேர்மட்டை ஆட்டத்தை நடத்த வேண்டியது மேல்கை. அவளுடைய பலமான கை மேலே வந்துவிட்டது, அதன் அசைவும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த அசைவு. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடப்பக்கம் நின்று மட்டை ஆடுவது புதிதும் அல்ல. இந்திய ஆட்டக்காரர் சௌரவ் கங்குலி வலக்கையால் பந்து வீசி இடக்கை ஆட்டம் ஆடியவர், இந்தியப் பெண்கள் அணியின் ஸ்மிருதி மந்தனாவும் இயல்பில் வலக்கைக்காரர்தான். மந்தனாவின் பெயரைக் கேட்டதும் அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரே நாளில் முடிவு செய்துவிடவில்லை. சில வாரங்கள் இரண்டு பக்கமும் நின்று ஆட விட்டு, அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவள் இடப்பக்கத்தைத் தேர்ந்தாள். அதன்பிறகு எல்லாருக்கும் உள்ள பாடம்தான். கால்கள் தோள் அகலத்துக்கு, முழங்கால் லேசாகத் தளர்ந்து, தலை அசையாமல், இரு கண்ணும் பந்துவீசுபவரை நேராகப் பார்க்க நிற்பது. இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் வளைவுகள் மட்டையின் பின்புறம் ஒரே கோட்டில் வருவது. முன்காலைப் பந்து குத்தும் இடத்துக்குக் கொண்டுபோய், மட்டையையும் காலையும் ஒட்டி வைத்துத் தடுப்பது. தடுக்கும்போது கீழ்க்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்தால் போதும். பந்து அடங்கிக் காலடியில் விழும்.

தொடர்ந்து நடந்தவை

ஆகஸ்டில், ஈப்போ பக்கத்திலிருந்து வந்த இன்னொரு தொடக்கநிலைக் குழுவுடன் மென்பந்தில் ஆறு ஓவர் ஆட்டம் ஒன்று ஆடினோம். தோற்றோம். எங்கள் மட்டைக்காரர்கள் ஓட்டம் எடுக்கக் கூப்பிடத் தெரியாமல் இரண்டு பேர் ஒரே முனைக்கு ஓடினார்கள். பயிற்சியில் மட்டை, பந்து, கை மூன்றையும் பார்த்த நாங்கள், விக்கெட்டுகளுக்கு இடையே ஓடுவதைப் போதிய அளவு பழக்கவில்லை.

அவள் ஒரு ஓவர் வீசினாள். இரண்டு வைடு, ஒரு பவுண்டரி, நோ பால் எதுவும் இல்லை. நடுவராக நின்ற எதிரணிப் பயிற்றுநரிடம் அவள் கையைக் கவனித்துச் சொல்லும்படி முன்பே கேட்டிருந்தோம். ஆட்டத்துக்குப் பிறகு, கை சுத்தமாக இருக்கிறது என்றார். ஒரு கேட்சை விட்டாள், ஒன்றை ஓடிப் பிடித்தாள். மட்டையில் ஏழு ஓட்டங்கள் எடுத்து, நேராக வந்த பந்தைக் குறுக்கே வெட்டப் போய் ஸ்டம்ப் விழுந்து வெளியேறினாள். பூப்பந்தின் பின்கை அவளுக்குத் தந்த கேடு இது. நேர்ப்பந்திலும் மணிக்கட்டு வெட்டத்தான் பார்க்கிறது. இதற்கான பயிற்சி இன்னும் நடக்கிறது.

அம்மா கோர்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். இப்போது அவர் வேறு இரண்டு பெண் பிள்ளைகளையும் தம் மோட்டார் சைக்கிளில் முறை வைத்து அழைத்து வருகிறார். பூப்பந்துப் பயிற்றுநர், அவள் ஸ்மாஷ் கெட்டுவிடுமோ என்று தயங்கினார். அவரையும் ஒரு நாள் கூப்பிட்டு வந்து காட்டினோம். இரண்டு பயிற்சியும் ஒரே நாளில் வராதபடி நாட்களைப் பிரித்துக்கொண்டோம். வளரும் தோளுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான தலைக்கு மேல் வீச்சு வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

அடுத்த குழுவில் மாற்றுவது

அடுத்த தவணையில் சேரும் பிள்ளைகளிடம், முன்பு ஆடிய விளையாட்டுகளின் பட்டியலை முதல் நாளே எழுதி வாங்குகிறோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் யார் யாரோடு இணை சேர்வது என்று முடிவாகும். வலைப்பந்துப் பிள்ளைகளைப் பூப்பந்துப் பிள்ளைகளோடு சேர்த்தால் பிடிப்பதை ஒருவர் பார்த்து மற்றவர் கற்றுக்கொள்கிறார்.

மட்டை வாங்குவதற்கு முன் மென்பந்து வாங்குகிறோம். கிடைத்த பணம் முழுவதும் இந்த முறை மென்பந்துக்கும் இரண்டு சிறிய மட்டைகளுக்கும் போகிறது. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் எல்லாப் பிள்ளைகளும் நின்று பார்ப்பது மட்டை தொடும் முதல் வாரத்திலேயே நடக்கும், ஒருத்திக்கு மட்டும் செய்த சலுகையாக இருக்காது. மட்டையில்லாத மாதத்தில் பிள்ளைகள் சலித்துப் போகாமலிருக்க, கையால் எறிந்து ஸ்டம்பை அடித்து ஓட்டம் ஓடும் சிறு ஆட்டம் ஒன்றை ஒவ்வொரு நாளின் கடைசியிலும் சேர்க்கிறோம். ஓடுவதற்குக் கூப்பிடும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும்.

பெற்றோரை முதல் வகுப்புக்கே வரச் சொல்கிறோம், எந்தப் பந்து, எந்தத் தரை, அடிபட்டால் யார் எங்கே அழைத்துப் போவார் என்பதை அப்போதே சொல்லிவிடுகிறோம்.

தோல் பந்து எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலைக்கவசம், கால்காப்பு, கையுறை ஆகியவை ஆளுக்கேற்ற அளவில் வந்து சேர்ந்து, சமமான தரையும் கிடைக்கும்வரை இல்லை என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். துணைப் பயிற்றுநருக்கு இதில் இன்னும் உடன்பாடு இல்லை. மூத்த பையன்கள் மூவரை மட்டுமாவது ஈப்போவுக்கு அழைத்துப் போய் வலைப்பயிற்சியில் ஆட வைக்கலாம் என்கிறார். அந்தப் பேச்சு வரும் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறது.